நாலு வரை எண்ணத் தெரியாதவன்

ஹேகர்ஸ் பெண்ட் என்ற ஊரில் புகழ் மண்டபம் என்று சொல்வது ஒரு சுவரைத்தான். தீயணைப்பு நிலையத்தின் கீழ்த்தளத்தில், சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கழிப்பறைக்குப் போகும் நடைவழியின் இடப்பக்கச் சுவர். அதில் இரண்டு வரிசையாக, ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியில் சிறந்தவர்களின் புகைப்படங்கள். அந்தச் சுவரில் ஏற ஆசைப்படாத ஆட்டக்காரன் ஊரில் கிடையாது. ஏறிய பிறகு, போகிறவர்கள் எல்லாரும் அவசரமாகப் போகிறார்கள், ஒருவரும் நின்று பார்ப்பதில்லை என்று குறைப்பட்டவர்களும் உண்டு.

அந்தச் சுவரில் டினோ மராஸ்கோவுக்கு இடம் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் ரோஸ்மேரி வால்கோவின் சமையலறையில் நடந்த மிக நீண்ட சண்டை. சண்டை அவளுக்கும் அவள் கணவன் கஸ்ஸுக்கும் அல்ல. கஸ்ஸுக்கும் அவன் உயிர்ச் சிநேகிதன் ஸ்டாஷுக்கும். வெள்ளிக்கிழமை தோறும் ஸ்டாஷ் பியர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வருவான். முதல் பாட்டில் முடிவதற்குள் டினோ மராஸ்கோ மேசைக்கு வந்துவிடுவான்.

"பத்து கஜம் முன்னேற நாலே நாலு வாய்ப்பு," என்பான் கஸ், விரல்களை விரித்து. "மூணு போயாச்சு. இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதுல போய் எவனாவது பந்தைத் தரையில அடிப்பானா? நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதவனுக்கு சுவர்ல இடமா?"

"பதினாலு வருஷம் குவார்ட்டர்பேக்கா ஆடினான்டா. ஒரு ஆட்டத்தையே புடிச்சுத் தொங்கறியே."

"அந்த ஒரு ஆட்டந்தான்டா கோப்பை!"

அது எஃகு ஆலை இன்னும் முழு மூச்சாக ஓடிக்கொண்டிருந்த காலத்தின் கடைசி வருடங்கள். ஊர் அணிக்கு ரிவிட்டர்ஸ் என்று பெயர். பள்ளத்தாக்கின் மற்ற ஆலை ஊர்களோடு சனிக்கிழமைகளில் மோதுவார்கள். ஆட்டத்தை நடத்துகிறவன், பந்தை எறிகிறவன், ஜெயித்தால் தோளில் தூக்கப்படுகிறவன், தோற்றால் மளிகைக் கடையில் முறைக்கப்படுகிறவன், எல்லாம் டினோதான். மூன்று முறை அணியை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனான். மூன்றிலும் தோல்வி. மூன்றாவதுதான் இந்தத் தோல்வி.

ஐந்து புள்ளி பின்தங்கிய நிலை. பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் ஜெயம், அதற்கு நாலு கஜம்தான் பாக்கி. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடிகாரத்தை நிறுத்த ஒரு வழி உண்டு: குவார்ட்டர்பேக் பந்தை வாங்கியவுடன் தரையில் ஓங்கி அடித்துவிட வேண்டும். ஒரு வாய்ப்பு வீணாகும், ஆனால் மூச்சுவிட நேரம் கிடைக்கும். டினோ அடித்தான். அது நாலாவது வாய்ப்பு என்று அடித்த பிறகுதான் தெரிந்தது. வாய்ப்புகள் தீர்ந்ததால் பந்து எதிரணிக்குப் போயிற்று. கோப்பையும் போயிற்று. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, புல்லில் உட்கார்ந்து டினோ சிரித்தான். கஸ்ஸால் தோல்வியையாவது மன்னித்திருக்க முடியும். அந்தச் சிரிப்பை மன்னிக்கவே முடியவில்லை.

"ரோஸி, நீயே சொல்லு," என்று இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்புவார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் என்ன சொல்வாள் என்று இரண்டு பேரும் ஆளுக்கொன்றாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். ரோஸ்மேரி சிரித்துக்கொண்டு உருளைக்கிழங்கைத் திருப்பிப் போடுவாள். அது தனக்குக் குறையாக இருந்ததா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அந்தச் சத்தம் வீட்டில் இருந்தது. அது போதும் என்று இருந்தது.

போன அக்டோபரில் கஸ் இறந்துபோனான். அடக்கம் முடிந்த வாரம் ஸ்டாஷ் வழக்கம்போலப் பின்வாசலில் வந்து நின்றான். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டில் குடித்தார்கள். "குளிர் ஆரம்பிச்சிடுச்சு," என்றான் அவன். "ஆமாம்," என்றாள் இவள். மீதிப் பாட்டில்களை விட்டுவிட்டுப் போனவன் அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. கஸ் போன வெறுமையை அவள் எதிர்பார்த்துத் தயாராக இருந்தாள். சண்டை போன வெறுமையைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை.

பிப்ரவரியில் வெண்டல் பார்க்ஸ் வந்து கதவைத் தட்டினான். சுவரில் யாரை ஏற்றுவது என்று முடிவு செய்யும் தேர்வுக் குழுவின் தலைவன். ஒரு காலத்தில் டினோ எறிந்த பந்துகளைப் பிடித்தவன். "கஸ்ஸோட நாற்காலி காலியா இருக்கு, ரோஸ்மேரி. அஞ்சு பேர் வேணும். நீ வா."

"எனக்கு என்னப்பா தெரியும்?"

"நீ ஒரு ஆட்டத்தையாவது தவறவிட்டிருக்கியா?"

அவள் யோசித்தாள். தவறவிட்டதில்லை.

*

இறைச்சி தவிர்க்கும் தவக்காலத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குத் தீயணைப்பு நிலையத்தின் மாடியில் குழு கூடியது. கீழே மீன் விருந்து நடந்துகொண்டிருந்தது. பொரித்த மீனின் வாசனையும் வெண்ணெயில் வதங்கிய முட்டைக்கோஸ் வாசனையும் மரப்படிகள் வழியே மேலே ஏறி வந்தன. தண்ணீர்க் குழாய்களைக் காயப்போடும் மாடி அறையில் ஒரு மடக்கு மேசை, ஐந்து நாற்காலிகள். ரோஸ்மேரி கஸ்ஸின் ரிவிட்டர்ஸ் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதன் கையை இரண்டு மடிப்பு மடித்தும் விரல்நுனிவரை தொங்கியது.

வரும் வழியெல்லாம் அவள் மனதில் ஒரே எண்ணம். 'இல்லை' என்று சொல்ல வேண்டும். அது கஸ்ஸின் வார்த்தை. அதை அவள் சொல்லாவிட்டால் இனி உலகத்தில் யாரும் சொல்லப்போவதில்லை. டினோ சுவரில் ஏறிவிட்டால் கஸ் ஆயுள் முழுக்கப் பேசிய பேச்சு பொய்த்துப்போனது போலாகிவிடும். செத்தவனைத் தோற்கடிக்க அவளுக்கு மனம் இல்லை.

சுவரில் ஏற ஐந்தில் நாலு ஓட்டு வேண்டும். டினோவுக்கு வருடா வருடம் மூன்றுதான் கிடைக்கும். வெண்டல், ஸ்டாஷ், இன்ஷூரன்ஸ் விற்கும் இளைஞன் கோரி லிபர்ட்டோ. எதிர்ப்பு கஸ்ஸும் ஆல்பி குர்ட்ஸும். ஆல்பி ஊரின் சவ அடக்க நிலையத்தை நடத்துகிறவன். அந்தக் காலத்தில் அணியின் தலைக்கவசங்களும் தோள்கவசங்களும் அவனுடைய சவ வண்டியில்தான் மைதானத்துக்கு வரும். வேறு பெரிய வண்டி யாரிடமும் கிடையாது.

பேச்சைத் தொடங்குவதற்குள் படியில் காலடிச் சத்தம். பரிமாறும் பெண் ஐந்து தட்டு மீனைக் கொண்டுவந்து வைத்தாள். "டினோ அனுப்பினாரு. இது லஞ்சம் இல்லையாம். பசியோட யாரும் தீர்ப்பு சொல்லக்கூடாதாம்."

கீழே சமையலறையில் மாவில் மீனைத் தோய்த்துப் போடுகிறவனே டினோதான். வருடா வருடம் இதேதான் சொல்லியனுப்புவான். தேர்வானால் மேலே இருக்கும் ஐந்து பேரும் காலால் தரையைத் தட்டுவது வழக்கம். கீழே சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் கரண்டியை வைத்துவிட்டு மேலே பார்ப்பார்கள். டினோவுக்காக அந்தத் தரை இதுவரை அதிர்ந்ததில்லை.

"பதினோரு வருஷமா லஞ்சம் வாங்கிக்கிட்டு துரோகம் பண்றேன்," என்றான் ஆல்பி, மீனைப் பிட்டுக்கொண்டே. "மனசாட்சி ஒண்ணும் உறுத்தல. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

வெண்டல் தொண்டையைச் செருமினான். "இந்த வருஷம் ஒரே பேருதான். யாரு முதல்ல?"

எல்லாரும் ஸ்டாஷைப் பார்த்தார்கள். டினோவுக்காகப் பேசுவது எப்போதும் அவன்தான். ஸ்டாஷ் எழுந்தான். "பதினாலு வருஷம் ஆடினான்," என்று ஆரம்பித்து, எதிரில் ஜாக்கெட்டைப் பார்த்தான். அந்த இடத்தில் கஸ், 'ஆடினானா, ஆட்டினானா?' என்று குறுக்கே விழுவான். குறுக்கே விழ ஆள் இல்லாமல் ஸ்டாஷின் பேச்சு தடுமாறி நின்றது. "உங்களுக்குத் தெரியாததா," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

ரோஸ்மேரிக்கு அவனைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிப்படியில் நிற்பவன் போல இருந்தான்.

அடுத்து கோரி கைக்கணினியைத் திறந்தான். "நான் இந்தத் தடவை மனசை மாத்திக்கிட்டேன். பழைய ஆட்டங்களை எல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டினோ சாரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா அவர் எறிஞ்சதுல எதிராளி கைக்குப் போனது ரொம்ப அதிகம். இந்த லீக்லயே அதிகம். என்னோடது இல்லைதான்."

"டேய், போன வருஷம் ஆமாம்னு சொன்னியே!" என்று ஸ்டாஷ் துள்ளினான்.

"போன வருஷம் கணக்குப் போடலையே."

"கணக்கு! நீ அப்ப பிறக்கவே இல்ல. அந்தக் கணக்குல சேறு இருக்கா? ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு நேரா மைதானத்துக்கு வந்து, பந்து பறக்கறப்ப நின்னுகிட்டே தூங்கினானுங்களே, அது இருக்கா?"

"அப்ப முடிஞ்சுது," என்று ஆல்பி தட்டை ஓரமாகத் தள்ளினான். "கோரி இல்லை. நான் இல்லை. கஸ்ஸோட ஓட்டும் இல்லை. இன்னும் சூடா ரெண்டு துண்டு கிடைக்குமான்னு கீழ போய்ப் பார்க்கறேன்."

"கஸ்ஸுக்கு ஓட்டு கிடையாது," என்றாள் ரோஸ்மேரி.

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. ஆல்பி பாதி எழுந்த நிலையில் நின்றான்.

"தப்பா நினைக்காதே, ரோஸி. நீ அவன் நாற்காலியில இருக்கேன்னுதான்..."

"நாற்காலிதான் அவனோடது. உட்கார்ந்திருக்கறது நான்."

சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. இதுவரை எடுத்த முடிவு எங்கே போயிற்று? 'இல்லை' என்ற சொல் நாக்கின் நுனியில்தான் இருக்கிறது. ஆனால் அது கஸ்ஸின் குரலில் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுத் தன் குரலைத் தேடியபோது, அவளுக்குக் கிடைத்தது பேச்சு அல்ல, ஒரு சிரிப்பு. அன்றைக்கு மைதானத்தில், டினோ புல்லில் உட்கார்ந்து சிரித்தபோது, அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கஸ் பக்கத்தில் நின்றான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது போல நடித்தாள். வீடு போய்ச் சேரும்வரை இருமினாள். கஸ் அவளுக்கு இஞ்சித் தேநீர்கூடப் போட்டுக் கொடுத்தான். அன்றைக்கு ஏன் சிரித்தோம் என்று அவள் இத்தனை வருடத்தில் திரும்பிப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள். மைதானம் முழுவதும் கண்ணுக்கு முன் வந்தது. சத்தமும் வந்தது.

"ஆல்பி, அந்தக் கடைசி ஆட்டத்துல நீ எங்க இருந்தே?"

"எங்க இருப்பேன்? வண்டியிலதான். கோட்டுக்குப் பின்னால நிறுத்தியிருந்தேன்."

"டினோ பந்தை அடிக்கறதுக்கு முன்னாடி நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"பார்த்துக்கிட்டிருந்தேன்."

"சும்மா பார்த்துக்கிட்டிருந்தியா?"

ஆல்பி காதைச் சொறிந்தான்.

"ஹாரன் அடிச்சே," என்றாள் ரோஸ்மேரி. "சவ வண்டி ஹாரன். விடாம அடிச்சே. கண்ணாடிய இறக்கிவிட்டு, தலைய வெளிய நீட்டி, 'அடி! தரையில அடி!'ன்னு கத்தினே. என் காதுல இன்னும் இருக்கு."

"ஊரே கத்துச்சு, ரோஸி!"

"அதைத்தான் சொல்றேன். ஊரே கத்துச்சு."

கீழே யாரோ ஒரு குழந்தை கேக் கேட்டு அழும் சத்தம் கேட்டது.

"பயிற்சியாளர் தொப்பியைக் கழட்டி வீசி 'அடி'ன்னாரு," என்றாள் அவள். இப்போது எழுந்து நின்றிருந்தாள். "பெஞ்சுல இருந்தவன் எல்லாம் கையால தரையைக் காட்டினான். கஸ் என் பக்கத்துல பெஞ்சு மேல ஏறி நின்னு கத்தினான். இந்த ஜாக்கெட்தான் போட்டிருந்தான். கையை வீசின வேகத்துல என் காபி கொட்டிடுச்சு. இதோ பாரு, கறை இன்னும் போகல. நானும் கத்தினேன். ஸ்டாஷ், நீ?"

ஸ்டாஷ் மேசையைப் பார்த்தான். "தொண்டை கட்டிப்போச்சு. ரெண்டு நாள் பேச்சு வரல."

"வெண்டல், நீ ஆடிக்கிட்டிருந்தே. நாலாவது வாய்ப்புன்னு உனக்குத் தெரியுமா?"

வெண்டல் தலைவனுக்குரிய முகத்தை வைத்துக்கொள்ள முயன்றான். முடியவில்லை. "நான்தான் முதல்ல அவன்கிட்ட சொன்னேன், தரையில அடின்னு," என்றான். சொல்லிவிட்டு, பாரம் இறங்கியவன் போலக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தான். "நான் மூணுன்னு நினைச்சேன்!"

"அப்ப நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதவன் யாரு? அன்னிக்கு அந்த மைதானத்துல எண்ணத் தெரிஞ்சவன் எதிரணிக்காரன் மட்டுந்தான். மத்த எல்லாரும் வீட்டுக்குப் போய் முகம் கழுவிட்டு, தப்பு முழுசையும் டினோ தலையில வெச்சுட்டோம். அவன் ஒரு தடவையாவது, 'கத்தினது நீங்கதானே'ன்னு கேட்டானா? அடுத்த வருஷமும் வந்து ஆடினான். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம். ஒவ்வொரு ஆட்டத்துலயும் எவனாவது 'ஒண்ணு, ரெண்டு, மூணு'ன்னு எண்ணிக் கேலி பண்ணுவான். இவன் நாலுன்னு விரலைக் காட்டி, குனிஞ்சு வணக்கம் சொல்லுவான்."

"அதெல்லாம் நல்ல குணம், மிஸஸ் வால்கோ," என்றான் கோரி, மரியாதையாக. "நான் ஆட்டத்தைப் பத்திக் கேக்கறேன். எதிராளி கைக்குப் போன பந்துங்க?"

"கேளு, நல்லாக் கேளு." இந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. கன்னம் சூடேறுவதை அவள் உணர்ந்தாள். பயத்தினால் அல்ல என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "வெண்டல், உன் கையைக் காட்டு."

வெண்டல் வலக்கையை மேசைமேல் வைத்தான். ஆலை உலையில் வெந்து ஆறிய இரண்டு விரல்கள் முழுதாக நிமிரவில்லை.

"மத்தவங்களுக்கு டினோ எறியற பந்து தோட்டா மாதிரி வரும். இவனுக்கு மட்டும் மெதுவா, நெஞ்சுக்கு நேரா, தொட்டில்ல குழந்தையைப் போடற மாதிரி எறிவான். மெதுவா வர்ற பந்தை எவன் வேணும்னாலும் நடுவுல புகுந்து பிடிக்கலாம். பிடிச்சாங்க. உன் கணக்குல பாதி அதுதான்."

"இன்னொருத்தனை நிறுத்தியிருக்கலாமே?" என்றான் கோரி.

"நிறுத்தியிருக்கலாம். அப்ப வெண்டல் கோட்டைத் தாண்டிப் பிடிச்ச பதிமூணு பந்தையும் உன் கணக்குலருந்து எடுத்துடு. அப்புறம் எந்த இறுதி ஆட்டத்துக்குப் போயிருப்போம்?"

கோரி கைக்கணினியைப் பார்த்தான், வெண்டலின் கையைப் பார்த்தான். "இருந்தாலும் அதிகந்தான்," என்றான். "நான் மாத்திக்கல."

ரோஸ்மேரிக்கு ஏனோ அவனைப் பிடித்துப்போயிற்று.

"சரி, ஓட்டு," என்றான் வெண்டல், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவன் கை உயர்ந்தது. ஸ்டாஷின் கை உயர்ந்தது. ரோஸ்மேரி கையைத் தூக்கியபோது மடிப்பு கலைந்து ஜாக்கெட்டின் கை முழுசாகத் தொங்கியது. உள்ளே அவள் விரல்கள் எங்கோ இருந்தன. மன்னிச்சுக்கோ என்று கஸ்ஸிடம் சொல்லப்போனாள். ஆனால் மனதுக்குள் வந்தது வேறு: 'நீதானே கத்தினே, கழுதை!' அதற்குக் கஸ் என்ன பதில் சொல்வான், எப்படி முகம் சிவப்பான், எப்படி உடனே பேச்சை மாற்றுவான் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குக் கேட்டது. அக்டோபருக்குப் பிறகு அவன் இவ்வளவு பேசியது இன்றைக்குத்தான்.

நாலாவது கை வேண்டும். எல்லாரும் ஆல்பியைப் பார்த்தார்கள்.

"அந்த ஹாரனை நான் அடிச்சிருக்கக்கூடாது," என்றான் ஆல்பி. "வண்டிக்குள்ள ஆள் வேற இருந்தாரு."

"என்னது?" என்றான் ஸ்டாஷ்.

"மறுநாள் அடக்கம். அவருக்கும் ஆட்டம்னா உயிரு. நான் என்ன பண்றது, சனிக்கிழமை ஆச்சே." ஆல்பி கையைத் தூக்கினான். "எடுத்துக்கோங்க. ஆமாம்."

முதலில் தரையைத் தட்டியது ஸ்டாஷ். அடுத்து வெண்டல், பிறகு ஆல்பி. ரோஸ்மேரி இரண்டு காலாலும் குதித்தாள். எதிர்த்து ஓட்டுப் போட்ட கோரியும், வழக்கத்தை விட்டுக்கொடுக்க முடியாமல், ஒரு காலால் தட்டினான். மேசைமேல் தட்டுகள் ஆடின. கீழே கூடத்தின் இரைச்சல் சட்டென்று நின்றது. பிறகு ஒரு பெரும் ஆரவாரம் எழும்பியது. கரண்டிகளால் மேசையைத் தட்டும் சத்தம், நாற்காலிகள் நகரும் சத்தம், யாரோ "நாலு! நாலு! நாலு!" என்று கத்தும் சத்தம்.

டினோ படியேறி வந்தான். முழங்கைவரை மாவு. தலையில் வலை. அறுபது வயது முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் போல இருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே வந்தால் முடிவை மாற்றிவிடுவார்களோ என்று பயந்தவன் போல.

"நிஜமாவா? மீனுக்காகவா?"

"மீன்ல உப்பு அதிகம்," என்றான் ஆல்பி. "அதையும் மீறித்தான்."

டினோ ரோஸ்மேரியைப் பார்த்தான். ஜாக்கெட்டைப் பார்த்தான். "கஸ் எழுந்து வந்து என்னை அடிப்பானே, ரோஸி."

"வரட்டும். நான் பேசிக்கறேன்." அவள் கேட்க நினைத்ததைக் கேட்டாள். "டினோ, அன்னிக்கு ஏன் சிரிச்சே?"

டினோ மாவுக் கையால் மூக்கைத் துடைத்தான். மூக்கு வெள்ளையாயிற்று. "உங்க பக்கம் திரும்பிப் பார்த்தேன். மொத்த ஊரும் 'அடி'ன்னு கத்தின வாயை மூட மறந்து அப்படியே நின்னுச்சு. நடுவுல கஸ். பெஞ்சு மேல. கை ஆகாசத்துல. அவன் தலையில ஒரு புறா வந்து உட்கார்ந்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்காது. சிரிக்காம என்னம்மா பண்றது?"

ரோஸ்மேரி சிரித்தாள். இந்த முறை இருமவில்லை.

டினோவைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வெண்டலும் ஆல்பியும் முயன்றார்கள். இரண்டாவது படியிலேயே முதுகு பிடித்துக்கொண்டு இறக்கிவிட்டார்கள். கோரி அவர்களுக்குப் பின்னால் கைக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மாடியில் ஸ்டாஷும் ரோஸ்மேரியும் மிஞ்சினார்கள்.

ஸ்டாஷ் ஆறிப்போன மீனைக் கரண்டியால் நோண்டிக்கொண்டிருந்தான். ஜெயித்தவன் முகம் மாதிரி இல்லை அது.

"என்னடா?"

"முடிஞ்சுபோச்சே," என்றான். "இனிமே எதைப் பத்திப் பேசறது?"

ரோஸ்மேரி நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். பசி இப்போதுதான் தெரிந்தது. மீனை ஒரு பெரிய துண்டாகப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் லைல் டக்கர் பேரைக் கொண்டுவரப் போறேன்னு கஸ்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தியே."

"ஆமாம். பள்ளத்தாக்குலயே வேகமா ஓடினவன் அவன்தான். அதுல யாருக்குச் சந்தேகம்?"

"எனக்கு."

ஸ்டாஷ் நிமிர்ந்தான்.

"வேகமா ஓடினான். எந்தப் பக்கம்?" என்றாள் அவள், வாய் நிறைய மீனோடு. "இடிச்சுத் தள்ள ஆள் வர்றான்னு தெரிஞ்சா நேரா பக்கக் கோட்டுக்கு வெளிய ஓடிடுவான். சட்டையில ஒரு நாளாவது சேறு பட்டிருக்கா? அவன் பொண்டாட்டி என்கிட்டயே சொல்லியிருக்கா, துவைக்கவே வேண்டாம்னு."

"அது புத்திசாலித்தனம்! அடிபடாம ஆடறவன் பத்து வருஷம் ஆடுவான்!"

"அதுக்கு அவன் ஓட்டப் பந்தயத்துல சேர்ந்திருக்கணும்."

"ரோஸி, உனக்கு ஆட்டத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியல!" ஸ்டாஷின் குரல் எகிறியது. காதுமடல்கள் சிவந்தன. நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்தான். "அந்த மழை ஆட்டத்துல அவன் ஓடினது ஞாபகம் இருக்கா? முழு மைதானம்! நீ எங்க பார்த்துக்கிட்டிருந்தே?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். இத்தனை வருஷமாப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். முதல்ல அந்த உப்பை இப்படித் தள்ளு. மழை ஆட்டத்துக்கு வர்றேன்."

கீழே டினோவுக்காக யாரோ தீயணைப்பு வண்டியின் சங்கை ஊதிவிட்டார்கள். ஊர் நாய்கள் எல்லாம் ஒரே குரலில் குரைத்தன. மாடியில் இருந்த இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.